ஆறு மணிக்கு எரிய வேண்டிய லைட்

சப்ராஸ் நான்கு பெட்டிகளை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால், போன் உறையும் பல்பும் வயரும் விற்கிற ஒடுங்கிய கடை அது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கத் துணிக்கடையில் வேலை செய்கிற புஷ்பராணிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிடைப்பது அரை மணித்தியாலம். அதில் பாதியை வெட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"முதல்ல ஒன்னு சொல்லுங்க அக்கா. சொந்த ஊடா, வாடகையா?"

"வாடகை."

"அப்ப இது வேணாம்." ஒரு பெட்டியை ஓரம் தள்ளினான். "இதுக்குச் சுவர உடைச்சுப் புது வயர் இழுக்கணும். ஊட்டுக்காரங்க சுவிட்ச கழட்ட முந்தி ஒங்கள கழட்டிருவாங்க."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். எட்டு மாதத்துக்கு முந்திய புஷ்பராணியாக இருந்தால் சிரித்ததோடு நிற்காமல் பதிலுக்கு ஒன்று கொடுத்தும் இருப்பாள். தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கிற மலையில் அவள் வாய்க்குப் பயந்து கங்காணி கூட நிரையை மாற்றிக்கொண்டு போவார். இப்போது மிச்சமிருந்த மூன்று பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது பல்பு. திருகினா வேலை முடிஞ்சிது. ஊடு மாறுறப்ப கழட்டிக்கிட்டுப் போயிடலாம்."

"எங்க வீட்டு முன்னறையில நீட்டு லைட்டு. பல்பு திருகுற மாதிரி இல்ல."

"அப்ப இந்தப் பிளக்கு. மேசை லைட்ட இதுல மாட்டி வச்சா போனாலயே போடலாம். மலிவு."

"பிளக் போடுற எடம் ஒன்னே ஒன்னுதான். அதுவும் குசினிக்குள்ள. எனக்கு வாசல்ல நின்னு பாத்தா லைட்டு எரியணும்."

சப்ராஸ் அவளை ஒரு முறை பார்த்தான். போனிலிருந்து விளக்குப் போடுவது அந்தக் கடைக்கு வருகிற பெடியன்களுக்கு ஒரு பவுசு. பாட்டுக்கேற்ற மாதிரி நிறம் மாறுமா என்றுதான் கேட்பார்கள். வாசலில் நின்று பார்த்தால் எரிய வேண்டும் என்று கேட்ட ஆள் இவள்தான்.

"அப்ப சுவிட்ச்தான். இதுல ரெண்டு வகை இரிக்கி. விலை கொறஞ்சதுக்கு, சுவிட்ச் பெட்டிக்குள்ள நியூட்ரல் வயர் ஓடியிருக்கணும். பழைய ஊடுகள்ல ஓடாது. அது இல்லாமலே வேலை செய்யிறது இது, விலை கொஞ்சம் கூட. ஊட்டுக்குப் போய் மெயின இறக்கிட்டு, சுவிட்ச் மூடியக் கழட்டி ஒரு படம் எடுத்து அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்றன்."

மெயினை இறக்குவதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். நோர்வூட்டில் ஸில்மியா என்கிற அம்மாவின் வீட்டு மேல்மாடியில், இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியுமாக அவர்கள் குடியிருந்தார்கள். புருஷன் கணேசமூர்த்திக்குக் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவான். மகள் நிலக்ஷிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு, புலமைப் பரிசில் வகுப்புக்கும் போய்விட்டு ஆறு மணிக்கு வீட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். புஷ்பராணி துணிக்கடையை விட்டு, பஸ் பிடித்து வந்து சேர ஏழேகால் ஆகும். அந்த ஒன்றேகால் மணித்தியாலமும் பிள்ளை, கையில் சாவியை வைத்துக்கொண்டே, வெளிமாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே போகமாட்டாள். ஏன் என்றால், "இருட்டா இருக்கு" என்பாள். சுவிட்சைப் போட வேண்டியதுதானே என்றால் பேசமாட்டாள். கீழ்வீட்டில் வந்து இரு என்று ஸில்மியா கூப்பிட்டாலும் போகமாட்டாள். ஆறு மணிக்கு மேல் நோர்வூட்டில் இறங்குகிற பனி பிள்ளை என்று பார்க்குமா? போன மாதம் இழுப்பு வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டியதாகிவிட்டது.

கணேசமூர்த்தியின் அக்கா நாகலெட்சுமிக்கு வத்தளையில் சொந்த வீடு. கெட்ட மனுஷி இல்லை. "புஷ்பா, புள்ளைய எங்கிட்ட விடு. அடுத்த தவணைக்கு இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துடலாம். மாசத்துக்கு ஒருக்கா நீ வந்து பாத்துட்டுப் போ" என்றாள். கணேசமூர்த்திக்கும் அதுவே சரியென்று பட்டது. கடைசியில் போனில் ஒரு முடிவு சொன்னான்.

"வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை அக்காவக் கூட்டிக்கிட்டு வர்றேன். அதுக்குள்ள அவ ஒரு நாளாவது உள்ள போய் உக்கார்றான்னா, அங்கயே இருக்கட்டும். இல்லன்னா கூட்டிக்கிட்டு வந்துடுவோம். பனியில பிள்ளைய சாகவா விடுறது?"

புஷ்பராணி "சரிங்க" என்றாள். அழவில்லை. அழுகை வருகிற இடம் எங்கே என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைக் கையால் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அவளுக்கு எட்டு மாதமாக எல்லாமே அப்படித்தான் இருந்தது. ஆனால் பிள்ளை போய்விட்டால் அந்த வீட்டில் தான் எதற்கு என்பது மட்டும் தெரிந்தது. அடுத்த நாளே சப்ராஸ் கடைக்கு வந்துவிட்டாள்.

எட்டு மாதத்துக்கு முன் அவர்கள் தோட்டத்து லயத்தில் இருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். அதில் மீற்றர் இருந்தது நாலு காம்பராவுக்குத்தான். மற்றவர்கள் பக்கத்துக் காம்பராவிலிருந்து வயர் இழுத்துக்கொள்வார்கள், மாதம் பிறந்தால் பங்கு கொடுப்பார்கள். புஷ்பராணியின் மீற்றரில் பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாவும் தொங்கிக்கொண்டிருந்தாள். வயர் எல்லாம் பழசு, கூரைத் தகரத்தோடு உரசிக்கொண்டு ஓடியவை. அதனால் அந்த லயத்தில் ஒரு பழக்கம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக் கிளம்புகிறவர்கள் அடுப்பை அணைப்பார்கள், மெயினை இறக்குவார்கள், கதவைப் பூட்டுவார்கள். டவுனில் இருக்கிறவர்களுக்கு இது விளங்காது. லயத்தில் பிறந்தவர்களுக்கு மெயினை இறக்குவது கரண்டு சம்பந்தப்பட்ட காரியமே இல்லை, வீட்டைப் பூட்டுவதில் பாதி அது.

பத்தொன்பது வருஷமாக அப்படி இறக்கிய கை, ஒரே ஒரு நாள் இறக்கவில்லை. அன்றைக்குப் பதினொரு மணிபோல் லயம் எரிந்தது. மலையில் நின்ற பெண்களுக்குப் புகைதான் முதலில் தெரிந்தது. கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து சேர்வதற்குள் பன்னிரண்டு காம்பராவும் முடிந்துவிட்டன. காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்த பேச்சியம்மாவும் முடிந்துவிட்டாள். பொலிஸ் வந்து மின் ஒழுக்கு என்று எழுதிக்கொண்டு போனது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நல்லவேளை நீங்க எல்லாரும் மலையில நின்னீங்க என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். புஷ்பராணியும் தலையாட்டினாள். அதற்குப் பிறகு மலைக்குப் போகவில்லை. மெயினைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை, புருஷனிடம்கூட.

அவள் அனுப்பிய படத்தில் இரண்டே வயர், இரண்டும் சிவப்பு. "நெனச்சன்" என்று சப்ராஸ் பதில் அனுப்பினான். நியூட்ரல் தேவைப்படாத சுவிட்சில் ஒன்றை, பெட்டி நசுங்கியிருந்ததால், விலை குறைத்துக் கொடுத்தான். பூட்டித் தரவும் ஞாயிற்றுக்கிழமை தானே வந்தான். ஸில்மியா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"சுவத்துல ஒரு ஓட்ட கூட விழப்படாது தம்பி."

"ஓட்டையே இல்ல ராத்தா. அதே பெட்டி, அதே ஆணி. இவங்க போறப்ப பழைய சுவிட்ச திரும்பப் பூட்டிட்டுப் போவாங்க."

"பழசு எங்கே?"

புஷ்பராணி பழைய சுவிட்சை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, ஸில்மியாவின் கண்முன்னாலேயே அலுமாரி மேல் வைத்தாள். அதன் பிறகுதான் ஸில்மியா கீழே போய் வைஃபை கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். பிள்ளை போனைப் பார்த்துக் கெட்டுப் போகக் கூடாது என்று ஒரு புத்தியும் சேர்ந்து வந்தது.

சப்ராஸ் புஷ்பராணியின் போனில் எதையெதையோ தட்டினான். "தினமும் ஆறு மணிக்குத் தானாவே எரியும். ஒங்க போன்லயும் காட்டும். மஞ்சள் பல்பு தெரிஞ்சா எரியுது. சாம்பல் நிறத்துல ஆஃப்லைன்னு வந்தா, சுவிட்சுக்கும் போனுக்கும் பேச்சுவார்த்த இல்லேண்டு அர்த்தம்."

அன்று மாலை தாயும் மகளும் முன்னறையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சரியாக ஆறு மணிக்கு, யாரும் தொடாமல், விளக்கு எரிந்தது.

"யாரும்மா போட்டா?"

"யாரும் போடல. தானாவே எரியுது. யாரும் சுவிட்ச தொடத் தேவையில்ல." ஒரு நிமிஷம் விட்டுக் கேட்டாள். "நாளைக்கு லைட்டு எரிஞ்சா உள்ள போவியா?"

நிலக்ஷி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குத் துணிக்கடையில், சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று புஷ்பராணி போனைப் பார்த்தாள். சாம்பல் நிறம். ஆஃப்லைன். ஏழேகாலுக்கு வீட்டுக்குப் போனபோது பிள்ளை படியில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்து உள்ளே போய், கையால் லைட்டைப் போட்டு, தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்துவிட்டுப் பார்த்தால், போனில் மஞ்சள் பல்பு வா என்று நிற்கிறது.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. புதன்கிழமை மத்தியானம் சப்ராஸ் வேறொரு சுவிட்சைத் தருவதாகச் சொன்னான், வைஃபை பெட்டியைத் திட்டினான், சீனாவைத் திட்டினான். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிற சாமான் வேலை நாளில் மட்டும் லீவு போடுவது அவனுக்கு மானப்பிரச்சினையாகிவிட்டது.

"காலையில கிளம்புறப்ப என்னென்ன செய்வீங்கன்னு ஒன்னு விடாம சொல்லுங்க அக்கா."

"என்ன செய்யறது. அடுப்ப நிப்பாட்டுவேன். சன்னல சாத்துவேன். மெயின இறக்குவேன். கதவப் பூட்டுவேன்."

சப்ராஸ் கையிலிருந்த குறட்டை மேசைமேல் வைத்தான்.

"மெயினையா?"

"ஆமா."

"தினமுமா?"

"எல்லாரும் அப்படித்தானே."

"யாருக்கா அப்படி?"

இதைப் படிக்கிறவர்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள். அவளுக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் இருட்டில் கதவைத் திறந்ததும் கை தானாகப் போய் மெயினை ஏற்றும், பிறகு கேத்தலை வைக்கும். இரண்டையும் கைதான் செய்தது. எட்டு மாதமாக அவள் செய்ததைவிட அவள் கை செய்ததே அதிகம்.

"மெயின இறக்கினா சுவிட்சுக்குக் கரண்ட் எப்படி அக்கா வரும்? அது உயிரோட இருந்தாத்தானே ஆறு மணிக்கு எழும்பும்?" சப்ராஸ் சிரிக்கப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "ஒன்னும் இல்ல. நாளைக்கு மெயின ஏத்திவச்சிட்டே வாங்க. நான் வயரப் பாத்தன், நல்லாத்தான் இரிக்கி, ஒன்னும் ஆகாது."

ஒன்றும் ஆகாது. பேச்சியம்மாவும் அதைத்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை காலையில் அடுப்பை நிறுத்தினாள், சன்னலைச் சாத்தினாள், கையை முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெயினைத் தாண்டிப் போய்க் கதவைப் பூட்டினாள். பஸ் நிறுத்தம் வரை போனாள். பஸ்ஸும் வந்தது. ஏறுகிற படியில் ஒரு காலை வைத்தவள் காலை எடுத்தாள். பின்னால் நின்றவர்கள் ஏசினார்கள். திரும்பி வீட்டுக்கு நடந்து, படியேறி, கதவைத் திறந்து, மெயினை இறக்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனாள். துணிக்கடையில் முதலாளியின் தம்பி நேரம் என்ன என்று கேட்டான். அன்று மாலையும் சாம்பல் நிறம்தான். பிள்ளை படியில்தான். கணேசமூர்த்தி போனில், "அக்கா பை எல்லாம் கட்டிட்டாங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை, கடைசி நாள். பிள்ளை முந்தியே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். புஷ்பராணி மெயினுக்கு முன்னால் நின்றாள். கதவு நிலைக்கு மேலே, மீற்றர் பெட்டிக்குப் பக்கத்தில், கறுப்புப் பிடி. மேலே பார்த்தபடி இருந்தது. இதை இறக்கினால் நாளைக்குப் பிள்ளை இல்லை. இறக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் ஒரு தடவை என்ன ஆனது என்று தெரியும். கதவைப் பூட்டினாள். சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டால் திரும்பி வந்துவிடுவோம் என்று, கீழே போய் ஸில்மியாவிடம் கொடுத்தாள். பிள்ளைக்கு வேறு சாவி இருந்தது.

"சாயங்காலம் வர்ற வரைக்கும் நான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க ராத்தா."

ஸில்மியா சாவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "சொகமில்லியா ஒங்களுக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன்."

அன்றைக்குத் துணிக்கடையில் மூன்று மீற்றர் துணி கேட்டவளுக்கு இரண்டு மீற்றர் வெட்டிக் கொடுத்து ஏச்சு வாங்கினாள். ஏச்சு எங்கோ பக்கத்துக் கடையில் விழுவது போலிருந்தது. பதினொரு மணிக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்துக்குப் பார்த்தாள். ஸில்மியாவிடமிருந்து போன் வரவில்லை. பன்னிரண்டு ஆனது. சாப்பாட்டுப் பொதியைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டி வைத்தாள்.

ஆறு மணி. மஞ்சள் பல்பு.

ஆறு ஐந்துக்கு ஸில்மியாவின் அழைப்பு வந்தது. "இந்தாங்க, ஒங்கட புள்ள படியில ஏறி, லைட்டப் பாத்து, கதவத் தொறந்து உள்ளுக்குப் போயிட்டா. நான் கண்ணால கண்டன்."

"சரி ராத்தா" என்றாள் புஷ்பராணி. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சேலைக் கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆறு பன்னிரண்டுக்குப் பார்த்தபோது சாம்பல் நிறம். ஆஃப்லைன்.

ஸில்மியாவை அழைத்தாள். "கரண்ட் போயிருச்சா ராத்தா?"

"இல்லியே. எங்களுக்குக் கரண்ட் இரிக்கி." கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "மேல மட்டும் இருட்டா இரிக்கி. நிலக்ஷீ..." என்று கூப்பிடுகிற குரல். பிறகு, "ஒன்னும் இல்லியாம், உள்ளுக்குத்தான் இருக்காவாம். அம்மா வர்ற வரைக்கும் இப்புடியே இருக்கேன்றா. நான் படியில நிக்கிறன், நீங்க வாங்க" என்றாள்.

முதலாளியிடம் சொல்லாமலே இறங்கி ஓடினாள். ஹட்டனிலிருந்து நோர்வூட்டுக்கு அந்தப் பாதை எத்தனை வளைவு என்று பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணினாள். எண்ணாவிட்டால் புகை தெரியும் போலிருந்தது.

படியில் நின்ற ஸில்மியா வழிவிட்டு ஒதுங்கினாள். கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டில், மெயினுக்கு நேர்கீழே, குசினி நாற்காலியைப் போட்டு அதன்மேல் நிலக்ஷி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட உடுப்பு. மடியில் புத்தகப் பை. புஷ்பராணி போன் வெளிச்சத்தை மேலே காட்டினாள். கறுப்புப் பிடி கீழே பார்த்திருந்தது.

"அம்மா, நீங்க மெயின இறக்க மறந்துட்டீங்க" என்றாள் நிலக்ஷி. "நான் இறக்கிட்டேன்."

"நீயா?"

"நாற்காலி போட்டு ஏறினேன். எட்டிச்சு."

எட்டு மாதமாக ஒரு சுவிட்சைத் தொடாத பிள்ளை. புஷ்பராணி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இருட்டுல உக்காந்திருக்கியே. பயமா இல்லியா?"

"இறக்கினா இருட்டு மட்டுந்தானே இருக்கும்." கொஞ்ச நேரம் பைக் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கும் நீங்க மறந்துட்டுத்தான் போனீங்க. லயத்துல. சப்பாத்து போடறப்ப நிமிந்து பாத்தேன். மெயின் மேல இருந்திச்சு. நீங்க வெளிய போயிட்டீங்க. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு நான் சொல்லல."

புஷ்பராணி போன் வெளிச்சத்தை அணைத்தாள்.

"யாருகிட்டயும் சொல்லலம்மா நான். அப்பாகிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா பேச்சியம்மா செத்திருக்க மாட்டாங்கள்ல. அன்னைக்கே சொல்லியிருந்தா."

இந்தப் பிள்ளையைத்தான் இருட்டுக்குப் பயந்தவள் என்று மூன்று பெரிய மனுஷர்கள் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஒருவர் நாள் குறித்தார், ஒருவர் வத்தளையில் பை கட்டினார், ஒருத்தி சுவிட்ச் வாங்கினாள். நடந்தது தன்னால்தான் என்று ஒன்பது வயதில் அவள் ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு தினமும் படியில் உட்கார்ந்திருந்ததை ஒருத்தரும் கேட்கவில்லை. புஷ்பராணிக்கு நெஞ்சில் ஏதோ வலித்தது. அது தன் நெஞ்சுதான் என்று தெரிந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு வலித்தது.

"மறக்கல" என்றாள். மறுபடி சொன்னாள். "அம்மா மறக்கலடா. விடியக்காலையில பேச்சியம்மா சுவரத் தட்டினாங்க. நீ தூங்கிக்கிட்டிருந்தே. காய்ச்சலா இருக்கு, சுடுதண்ணி வைக்கணும், இன்னைக்கு மட்டும் மெயின இறக்காத புள்ள, ஒன்னும் ஆகாதுன்னாங்க. சரின்னு நான்தான் விட்டுட்டுப் போனேன். தெரிஞ்சேதான் விட்டேன். நீ சொல்லியிருந்தாலும் நான் இறக்கியிருக்க மாட்டேன். விளங்குதா? நீ சொல்லியிருந்தாலும்."

இருட்டில் பிள்ளையின் முகம் தெரியவில்லை. அவள் நாற்காலியிலிருந்து இறங்கி அம்மாவின் மடிக்கு வந்தாள். மடிக்கு இப்போது பெரிய பிள்ளை, கால்கள் வெளியே கிடந்தன. இரண்டு பேரும் அழுதார்கள். படியில் நின்ற ஸில்மியா சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பிறகு புஷ்பராணி எழுந்து மெயினை ஏற்றினாள். முன்னறை இருட்டாகத்தான் இருந்தது. சுவிட்சை யாராவது போட வேண்டும். போனில் போட்டிருக்கலாம். சுவரருகே போய் விரலால் தொட்டாள். விளக்கு எரிந்தது.

ஏழரைக்குக் கணேசமூர்த்தியின் அழைப்பு. நிலக்ஷிதான் முதலில் போனை எடுத்தாள்.

"ஆமாப்பா, உள்ள போயிட்டேன். லைட்டு எரிஞ்சிச்சு. பயப்படல. ஸில்மியா ஆன்ட்டிகிட்ட வேணும்னா கேட்டுப் பாருங்க." அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மெயினைப் பற்றி வாய் திறக்கவில்லை. அழுத கண்ணோடு, குரலில் ஒன்றும் தெரியாமல், எவ்வளவு நன்றாக மறைக்கிறாள். அந்த முகத்தைப் புஷ்பராணிக்குத் தெரியும். எட்டு மாதமாகத் துணிக்கடைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்.

இப்படியே விட்டால் நாளைக்கு யாரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள். சொன்னால் கணேசமூர்த்தி என்ன முடிவு எடுப்பான் என்று தெரியாது. பிள்ளையின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஏங்க, ஒன்னு சொல்லணும். லயம் எரிஞ்ச அன்னைக்கு மெயின இறக்காம போனது நான்தான். மறந்து இல்ல. பேச்சியம்மா கேட்டாங்கன்னு தெரிஞ்சே விட்டேன். உங்ககிட்ட சொல்லல. இவ அதப் பாத்திருக்கா. தான் சொல்லாம விட்டதாலதான் எல்லாம் ஆச்சுன்னு இவ்வளவு நாளும் மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கா. அதான் மெயின ஏத்தப் பயந்து உள்ள போகல. இருட்டுக்கு இல்ல."

அந்தப் பக்கம் கொழும்புத் தெருச் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப பக்கத்துல இருக்காளா?" என்றான் கணேசமூர்த்தி.

"இருக்கா."

"நாளைக்கு வர்றேன்."

"மதினி?"

"நான் மட்டும் வர்றேன். அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "எட்டு மாசம் புஷ்பா. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, ஒரே வீட்டுல." பிறகு கேட்டான், "மெயின் இப்ப எப்படி இருக்கு?"

"ஏத்தித்தான் இருக்கு" என்றாள். சொல்லும்போதே பயமாக இருந்தது. உண்மையான பயம்.

நிலக்ஷி நிமிர்ந்து அந்தக் கறுப்புப் பிடியைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், மெயினுக்குக் கீழே கிடந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து குசினி மேசையடியில் போட்டாள்.